இவாத்தே: மலையும் கடலும்

யப்பானின் ஒன்சூத் தீவின் வடகிழக்கே, பசுபிக் சமுத்திரத்தை நோக்கி அமைந்தது இவாத்தே மாகாணம். மலைகள் கடலின் விளிம்புவரை இறங்குவதால், கரையோர மக்கள் ஒடுங்கிய குடாக்களை அண்டியே குடியேறினர். மீன்வளம் தந்த அக்குடாக்களே அழிவுக்கும் வாயிலாயின. உட்புகும் பேரலை அங்கே நெருக்குண்டு உயர்ந்தெழும்.

1896இலும் 1933இலும் வந்த கடற்கோள்கள் அனெயோசிக் கிராமத்தை அழித்தன. முதன்முறை இருவரும், மறுமுறை நால்வருமே எஞ்சினர். அதன்பின் மலைச்சரிவில், ஏறத்தாழ 60 மீற்றர் உயரத்தில், கல்லொன்று நாட்டப்பட்டது. அதற்குக் கீழே வீடு கட்டலாகாதென்று அதிற் பொறித்தனர். வழித்தோன்றல்களும் அவ்வாணையைக் காத்தனர். தாரோ என்னும் ஊரவரோ கரையிலேயே தங்கி, 10 மீற்றர் உயரமான மதிலை எழுப்பினர்.

2011 மார்ச் 11இல் எழுந்த கடற்கோள் தாரோவின் மதிலைக் கடந்து ஊரை அழித்தது. அனெயோசியில் ஏறத்தாழ 40 மீற்றர் உயரத்துக்கு ஏறியும் அக்கல்லை எட்டவில்லை. மேலிருந்த வீடுகள் யாவும் தப்பின.