தனக்கில்லாத சேதி

ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-ல் திறந்தது. டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-ல். இங்கிருந்து வெளியே போகும் வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முறுக்கிய இரண்டு வயர்கள் ஓடும். இன்ஜின், பிரேக், கதவு என்று கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். அந்த ஏற்பாட்டின் பெயர் கேன்.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் ஆரம்பித்த வேலை இது. 1986-ல் டெட்ராய்ட்டில் அறிமுகம். 1991-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏறியது. அதற்கு முன்பு பெட்டிக்குப் பெட்டி தனித்தனி வயர். வசதிகள் கூடக்கூட வயர்க்கட்டும் பெருத்தது.

கேனில் பெறுநர் முகவரி கிடையாது. சேதிக்கு ஓர் எண் மட்டும், ஆரம்பத்தில் 11 பிட். தண்டோரா மாதிரி எல்லோர் காதிலும் விழும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஏசி பற்றிய சேதி கதவுக்கு எதற்கு? தள்ளிவிடும். தெரியாத எண்ணைத் தள்ளிவிடும் இந்தக் குணம் இருப்பதால்தான் பழைய பெட்டிகளைத் தொடாமலே புதிதாக ஒன்றைச் சேர்க்க முடிகிறது.

ஆனால் அது காதைப் பொத்திக்கொள்வதில்லை. தனக்கு வேண்டாத சேதியையும் முழுசாகக் கேட்டு, பிழை இருக்கிறதா என்று சரிபார்த்து, 'ஒழுங்காக வந்தது' என்று ஒரு பிட்டில் ஒப்புக்கொண்ட பிறகுதான் தள்ளுகிறது. சேதி சிதைந்திருந்தால் உடனே கொடி தூக்கும். எல்லோரும் அதைக் கைவிடுவார்கள், அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். 'எனக்கில்லை' வேறு, 'கெட்டுப்போயிருக்கு' வேறு.

1989-ல் வந்த இணைய விதித்தொகுப்பான ஆர்எஃப்சி 1122-இலும் இதே எச்சரிக்கை உண்டு. அறியாத வகை ஐசிஎம்பி சேதி வந்தால் சத்தமில்லாமல் தள்ளு என்கிறது. பிழைச்சேதிக்குப் பிழைச்சேதியால் பதில் சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முடிவேது? ஆனால் சத்தமில்லாமல் என்றால் தடயமில்லாமல் என்று அர்த்தமில்லை. தள்ளியதைப் பதிவுசெய்யவும் எண்ணிவைக்கவும் வழி இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

ஆலையின் உற்பத்தி மென்பொருளில் பணயம் இன்னும் பெரிசு. புதிய பாக எண்ணோடு ஓர் ஆர்டர் வருகிறது, ரூட்டருக்கு அது புரியவில்லை என்று வையுங்கள். அதற்காக நின்றால் லைனே நிற்கும். வீசிவிட்டால் ஒரு வண்டிக்கு சீட் வராது. ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஓரமாக எடுத்துவைக்கிறோம். அந்த இடத்துக்கு டெட் லெட்டர் க்யூ என்று பெயர். சேர்க்க முடியாத கடிதங்களுக்கு அஞ்சல் துறை வைத்திருந்த அலுவலகத்திடம் கடன் வாங்கிய பெயர். அங்கே கடிதத்தைப் பிரித்து, அனுப்பியவர் யாரென்று தேட ஓர் ஆள் இருந்தார். நம் க்யூவைத் தினமும் திறந்து பார்க்க யாரை உட்காரவைத்திருக்கிறோம் என்பதையும் டிசைனிலேயே எழுதிவிட வேண்டும்.