கடலில் மறைந்த விமானிகள்

“யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்” என்று நம் பாட்டன்மார் காலக்கணக்குச் சொல்வதுண்டு. அவ்வாண்டு 1942. அன்று மொனராகலை தனி மாவட்டமன்று, பதுளையோடு சேர்ந்திருந்தது. குண்டு விழுந்த கொழும்பும் திருகோணமலையும் நமக்குத் தொலைவுதான். ஆயினும் யுத்தம் நம் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. மலாயா யப்பானியர் வசமானபின், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரக்கூடிய பெரிய நாடாக எஞ்சியது இலங்கையே. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, பாலை வெட்டி எடுங்கள் என்பது அன்றைய கொள்கை. லொறிச் சக்கரத்துக்கும் விமானச் சக்கரத்துக்கும் அந்த இறப்பர் தேவைப்பட்டது. அதிகாலைப் பனியில் வாளி சுமந்து சென்ற தொழிலாளரும் அந்த யுத்தத்தில் பங்குகொண்டவர்களே. அவர்களுக்குப் பதக்கம் கொடுத்தவர் எவருமில்லை என்பது வேறு கதை.

அந்நாளில் இந்தத் தீவைக் காக்கக் கனடாவிலிருந்து வந்த ஒரு விமானப்படையினரைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றோம்.

காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியிலே கட்டலீனா எனப்படும் கடல் விமானங்கள் இறங்கின. தண்ணீரிலே இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும் பெரிய விமானங்கள் அவை. வேகம் குறைவு, ஆனால் ஒரு பகற்பொழுது முழுவதும் கடலைச் சுற்றிக் காவல் பார்க்க வல்லவை. கனேடிய விமானப்படையின் 413ஆம் அணி அங்கு வந்தது. அதன் தலைவருள் ஒருவரான லியொனார்ட் பேர்ச்சல் ஏப்ரல் 2ஆந் திகதி வந்து சேர்ந்தார். ஏப்ரல் 4ஆந் திகதி விடியுமுன்னரே எட்டுத் துணைவரோடு காவலுக்குப் புறப்பட்டார்.

மாலையிலே, பழைய தேனவரைக் கோயில் இருந்த தெய்வேந்திரமுனைக்குத் தென்கிழக்கே சுமார் 350 மைலுக்கப்பால், அடிவானத்தில் சில புள்ளிகள் தென்பட்டன. திரும்பிவிட்டிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம். எத்தனை கப்பல், எந்த வகைக் கப்பல் என்று அறியாமல் திரும்புவது காவலாகாது என்று அருகே பறந்தார்கள். அது நகுமோ என்னும் தளபதியின் பெரும்படை. விமானந்தாங்கிக் கப்பல்கள் மட்டும் ஐந்து. செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே யப்பானியப் போர்விமானங்கள் சூழ்ந்துகொண்டன. தந்திக் கருவி நொறுங்கியது. விமானம் தீப்பற்றிக் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். அறுவர் சிறைப்பட்டனர்.

அச்செய்தி கொழும்புக்கு எட்டியது. துறைமுகத்திலிருந்த கப்பல்களிற் பல அன்றிரவே வெளியேறின. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, விமானங்கள் வந்து குண்டுமாரி பொழிந்தபோது அங்கே அகப்பட்டவை குறைவு. அதற்காகப் பேர்ச்சலை “இலங்கையின் மீட்பர்” என்று புகழ்வர். நம் கருத்தில் அப்பெயர் சற்று மிகை. நகுமோவின் படை நாட்டைப் பிடிக்க வந்ததன்று. பிரித்தானியக் கடற்படையை ஒடுக்கவே வந்தது. எச்சரிக்கை கிடைத்தும் விமானங்கள் வந்த வேளையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. அன்று பிற்பகலே டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் மடிந்தனர். எனினும், துறைமுகம் நிறையக் கப்பல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேர்ச்சல் மூன்றாண்டுக்கு மேல் யப்பானிய முகாம்களில் கிடந்தார். நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது எதிர்த்து நின்று அடியும் பட்டார். போர் முடிந்து நாடு திரும்பி, 2004ஆம் ஆண்டு முதுமையிற் காலமானார். அவர் பெயர் நூல்களிலெல்லாம் இருக்கிறது.

நம் மனத்தை அதிகம் வருத்துவது இன்னொரு விமானம். ஏப்ரல் 9ஆந் திகதி காலை, அதே 413ஆம் அணியைச் சேர்ந்த தோமஸ் என்னும் விமானி கிழக்குக் கடலிலே அதே கப்பற்படையைக் கண்டார். செய்தி அனுப்பத் தொடங்கினார். அது முடியுமுன்னே நின்றுவிட்டது. அவ்விமானத்திற் சென்றவருள் ஒருவரேனும் திரும்பவில்லை. செய்த தொண்டு ஒன்றே. காட்டிய துணிவும் ஒன்றே. ஒருவர் உயிரோடு மீண்டு வந்து கதை சொன்னார். மற்றவர் கதையைச் சொல்ல ஆளில்லை.

அன்றே திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு அமிழ்ந்தது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து எழுந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது, யப்பானியக் கப்பல்களைத் தேடிப்பிடித்துத் தாக்கின. அவற்றிலும் பல திரும்பவில்லை. யப்பானிய விமானம் ஒன்று திருகோணமலை எண்ணெய்த் தாங்கியின்மேல் விழ, தாங்கி நாட்கணக்காய் எரிந்தது. அவ்விமானத்தோரும் எங்கோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே.

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது தமிழர் வழக்கம். தகுந்த கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை அதன் படிமுறைகளைத் தொல்காப்பியம் கூறும். கடலில் வீழ்ந்தவனுக்குக் கல்லை எங்கே நடுவது? சிங்கப்பூரின் கிராஞ்சியிலே ஒரு நினைவுமண்டபம் உண்டு. இப்பகுதிப் போர்களில் மாண்டு, கல்லறையும் இல்லாது போன 24,000க்கு மேற்பட்ட பொதுநலவாய நாட்டுப் போர்வீரர், விமானப்படையினர் ஆகியோரின் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். அதுவும் ஒருவகை நடுகல்தான்.

413ஆம் அணி பின்னர் கனடாவில் மீட்புப் பணிக்கென அமைந்தது. கடலிலும் பனியிலும் அகப்பட்டோரைத் தேடி எடுப்பது அதன் தொழிலாயிற்று. அவ்வணியின் சின்னம் என்ன தெரியுமா? யானைத் தலை. இலங்கையில் சேவை செய்த நினைவாகத் தேர்ந்தெடுத்தது. மொனராகலைக் காட்டோரத்தில் வாழும் நமக்கு யானை புதிதன்று. கனடாவின் பனிநாட்டில் ஒரு விமானி தன் சட்டையில் நம் யானையை அணிந்திருந்தான் என்பதே புதிது.