டிராக்டர் டிரெய்லரில் எவ்வளவு எடை ஏற்றலாம்? பாதுகாப்பாக இழுத்துச் செல்வது எப்படி?

புது தில்லி: உத்தரப் பிரதேச மாநிலம் கான்பூர் மாவட்டத்தில் 2022 அக்டோபர் 1-ஆம் தேதி, கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்ததில் 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். 2024 பிப்ரவரி 24-ஆம் தேதி அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், கங்கையில் நீராடச் சென்றவர்களின் டிரெய்லர் குளத்தில் விழுந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் பலியாகினர்.

நாடு முழுவதும் விளைபொருள், மணல், செங்கல் ஆகியவற்றைச் சுமக்கும் இந்த வாகனத்தைப் பொறுத்தவரை, இழுக்கும் திறன் வேறு. நிறுத்தும் திறன் வேறு. இவ்வேறுபாட்டை உணராததே பல விபத்துகளுக்குக் காரணமாகிறது.

அறிய வேண்டிய எடைகள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. எனவே அதற்கும் பதிவு தேவை. சுமையும் ஓட்டுநரும் இல்லாத நிலையில் வாகனத்தின் எடை 'வெற்று எடை' ஆகும். சுமையுடன் சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 'மொத்த எடை' ஆகும். இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே ஏற்றத்தக்க சுமை.

எடுத்துக்காட்டாக, 1,500 கிலோ வெற்று எடையும் 6,000 கிலோ மொத்த எடையும் உடைய டிரெய்லரில் 4,500 கிலோ மட்டுமே ஏற்றலாம். பெட்டி நிரம்பவில்லை என்பதால் எடை குறைவு எனக் கருதக் கூடாது. ஒரு கன மீட்டர் உலர் மணலே சுமார் 1,600 கிலோ இருக்கும். ஈர மணலின் எடை இன்னும் அதிகம். எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பதே உறுதியான வழி.

சுமையை வைக்கும் முறை

இரு சக்கர டிரெய்லரில் சுமையின் ஒரு பகுதி இணைப்புக் கொக்கியின் மீது இறங்குகிறது. பாரம் பின்புறம் மிகுந்தால் கொக்கி மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிமானத்தை இழக்கும். முன்புறம் அளவுக்கு மீறினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தூக்கப்பட்டு, ஸ்டீயரிங் கட்டுப்பாடு குறையும். எனவே கனமான பொருள்களைத் தாழ்வாகவும், அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் அமையுமாறும் வைத்துக் கட்ட வேண்டும். வைக்கோல் போன்றவை எடை குறைந்தவையாயினும், உயரமாக அடுக்கினால் வளைவுகளில் கவிழும் அபாயம் உண்டு.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

* பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உள்ளது. வயலில் தனித்தனியாக இயக்கப்படும் இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்ட வேண்டும். இல்லையெனில் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்து வாகனம் திரும்பிவிடும்.
* வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்குத் தணிக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது.
* இறக்கத்தில் நியூட்ரலில் செல்லாமல், குறைந்த கியரில் இறங்க வேண்டும்.
* டிரெய்லர் அலைபாய்ந்தால் திடீரென பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தளர்த்த வேண்டும்.
* கொக்கியின் பூட்டு ஊசி, டயர்கள், பின்விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஆகியவற்றைப் புறப்படும் முன் சரிபார்க்க வேண்டும்.

அபராதம் எவ்வளவு?

2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி, அதிக பாரம் ஏற்றினால் ரூ.20,000, கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 அபராதம் விதிக்கப்படும். கூடுதல் சுமையை இறக்கிய பின்னரே வாகனம் நகர அனுமதிக்கப்படும். எடை பார்க்க நிறுத்த மறுத்தால் அபராதம் ரூ.40,000.

மனிதர்களுக்கு உரியதல்ல

டிரெய்லரில் இருக்கையோ, சீட் பெல்ட்டோ, மேற்கூரையோ இல்லை. வளைவில் பயணிகள் ஒரு பக்கம் சாயும்போது பாரமும் அப்பக்கம் நகர்ந்து, கவிழ்வதற்கான வாய்ப்பு அதிகரிக்கிறது. கவிழ்ந்தால் அவர்கள் வெளியே வீசப்படவோ, அடியில் சிக்கவோ நேரிடும். கான்பூர் விபத்துக்குப் பிறகு, டிராக்டர் டிரெய்லர்களைப் பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத் மக்களைக் கேட்டுக்கொண்டார். காஸ்கஞ்ச் விபத்து நிகழ்ந்தது அதற்கு 17 மாதங்களுக்குள்.