ஆஞ்சியோ முடிந்ததும் பார்வை மங்குதா? அசதின்னு விட்டுடாதீங்க!

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், 'ஒரு ஆஞ்சியோ பார்த்துடலாம்' என்று டாக்டர் சொல்வது இன்று சகஜம். பெரும்பாலானோர் எந்தப் பிரச்னையும் இல்லாமல் வீடு திரும்புகிறார்கள். ஆனால், ஆயிரத்தில் ஓரிருவருக்கு ஆஞ்சியோவின்போதோ, அதன் பிறகோ பக்கவாதம் வரலாம். அதன் முதல் அறிகுறி சிலருக்குக் கண்ணில்தான் தெரியும்.

இதயத்தில் சிகிச்சை... மூளைக்கு என்ன ஆபத்து?

மணிக்கட்டு அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக 'கதீட்டர்' எனும் மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்துவார்கள். அது மகாதமனியைக் கடந்துதான் போக வேண்டும். வயதானவர்கள், சர்க்கரை, பிபி உள்ளவர்கள், புகைபிடிப்பவர்களுக்கு அந்தத் தமனியின் உட்சுவரில் கொழுப்பும் கால்சியமும் படிந்திருக்கலாம். கதீட்டர் உரசும்போது அதில் ஒரு துணுக்கு பெயர்ந்து, ரத்தத்தோடு போய் மூளைக்கான ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம்தான். சிறு ரத்தக்கட்டி, காற்றுக்குமிழியாலும் இப்படி நடக்கலாம்.

கண்ணில் என்ன தெரியும்?

* விழித்திரைக்கான ரத்தக்குழாய் அடைபட்டால், வலியே இல்லாமல் ஒரு கண் திடீரென இருண்டுவிடும்.

* நாம் பார்ப்பதை உணர்வது மூளையின் பின்பகுதி. அங்கே ஒரு பக்கம் அடைப்பு வந்தால், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பார்வை போய்விடும். தட்டில் ஒரு பாதியில் இருக்கும் சாப்பாடு மட்டும் கண்ணில் படாது.

* அபூர்வமாக, ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் 'டை' மருந்தாலும் தற்காலிகமாகப் பார்வை போகலாம். பெரும்பாலும் சில நாட்களில் திரும்பிவிடும். ஆனால், காரணம் டையா, அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

உடனே என்ன செய்யணும்?

'தூங்கி எழுந்தா சரியாகிடும்' என்று காத்திருக்கக் கூடாது. வார்டில் இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டில் என்றால் 108-ஐ அழையுங்கள். வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அந்த ஊசி எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்குக் குழாய் மூலம் கட்டியை எடுப்பார்கள்.

பயந்து ஆஞ்சியோவைத் தவிர்க்கலாமா?

கூடாது. தேவைப்படும் ஒருவருக்கு, மாரடைப்பின் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரியது. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தபின் தரும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.