பழுதும் சான்றாகும்: வால்வு வானொலியைச் செப்பனிடும் நெறி

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாறு உரைப்பது போல, மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருள்களும் வரலாறு உரைக்கும் ஆற்றல் உடையன. அவற்றுள் வால்வு வானொலிப் பெட்டியும் ஒன்று. 1930களிலிருந்து 1960கள் வரையில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டின் முன்கூடத்தை அணிசெய்த இப்பெட்டிகளுள் எஞ்சியவை பலவும் சீர்கெட்ட நிலையிலேயே கிடைக்கின்றன. மரக்கூட்டைக் கறையான் அரித்திருக்கும். இரும்புத் தட்டில் துரு ஏறியிருக்கும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு கிழிந்திருக்கும். இத்தகைய பெட்டியை மீண்டும் ஒலிக்கச் செய்வது வெறும் கைத்தொழில் எனக் கருதுவோர் உளர். எனினும், எதனை மாற்றுவது, எதனைத் தொடாது விடுவது என்னும் வினா எழும்போது அத்தொழில் வரலாற்றாராய்ச்சியோடு வந்து கலந்துவிடுகிறது.

வால்வின் தோற்றம்

காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழையைச் சூடேற்றினால் அதிலிருந்து மின்னணுக்கள் வெளிப்படும். அருகில் உள்ள தகடு நேர்மின்னூட்டம் பெற்றிருப்பின் அவை அதனை நோக்கி ஓடும், எதிர்த்திசையில் ஓடா. இவ்வியல்பைப் பயன்படுத்தி 1904ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜான் அம்புரோஸ் பிளெமிங் முதல் வால்வை அமைத்தார். ஒரு திசையில் மட்டும் வழிவிடும் கதவு போல் இயங்கியமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் இடையே கம்பியாலான மூன்றாம் உறுப்பொன்றைச் சேர்த்தார். அவ்வுறுப்பில் நேரும் சிறு மாறுதல், தகட்டு மின்னோட்டத்திற் பெரு மாறுதலை விளைத்தது. மெல்லிய அலையை வலிய ஒலியாகப் பெருக்கும் வழி இவ்வாறு பிறந்தது. 1918இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த முறை, எந்த நிலையத்தின் அலையாயினும் அதனை நிலையான ஓர் இடை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்குவதாகும். பிற்கால வீட்டு வானொலிகளுட் பெரும்பாலானவை இம்முறையையே பின்பற்றின.

ஐரோப்பிய வால்வுகளின் பெயர்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ‘இ.எல். 84’ என்னும் பெயரில், முதலெழுத்து அதன் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட்டு வேண்டும் என்பதையும், இரண்டாம் எழுத்து அஃது ஒலிபெருக்கியை இயக்கும் வால்வு என்பதையும், 8 என்னும் எண் அதன் அடியில் 9 ஊசிகள் உள்ளன என்பதையும் குறிக்கும். எழுத்து அழியாத வால்வு ஒன்று கிடைப்பினும், பெட்டியின் காலத்தையும் அமைப்பையும் ஓரளவு உய்த்துணரலாம்.

மலாயாவில் வானொலி

1932 டிசம்பரில் பிபிசி தன் பேரரசுச் சேவையைச் சிற்றலையில் தொடங்கியது. 1937இல் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றிலிருந்து பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. தொலைநாட்டுச் செய்தியைக் கேட்க வேண்டுமாயின் சிற்றலையே வழியாக இருந்தது. ஆதலின் சிற்றலைப் பகுதி இந்நாட்டுப் பெட்டிகளுக்கு உயிர்நிலை போன்றது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவ்வுயிர்நிலையே தாக்குண்டது. ஜப்பானிய ஆட்சியினர் வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்யுமாறு பணித்தனர். சிற்றலை கேட்பதைத் தடை செய்தனர். உள்ளூர் நிலையத்தை மட்டும் கேட்குமாறு பெட்டிகளின் சிற்றலைப் பகுதியைச் செயலிழக்கச் செய்தனர். மீறினோர் பட்ட துன்பம் பெரிது. பேராக் மாநிலத்துப் பாப்பான் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தாதி சிபில் கார்த்திகேசு, மறைவாக வானொலி வைத்துப் பிபிசி செய்தியைக் கேட்டுப் பிறர்க்கு அறிவித்தார்; எதிர்ப்புப் படையினர்க்கு மருத்துவமும் செய்தார். 1943இல் கைதாகிக் கொடிய வதைக்கு ஆளானார். போருக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவ்வம்மையார், வதையால் நேர்ந்த காயத்தின் விளைவாக 1948இல் மறைந்தார். 1943 அக்டோபர் 10இல் சாங்கிச் சிறைமுகாமில் ஜப்பானிய இராணுவக் காவலர் தொடங்கிய சோதனையில் மறைவான வானொலிகள் பிடிபட்டன. அந்நிகழ்ச்சியையொட்டிக் கைதான 57 பேருள் 15 பேர் உயிரிழந்தனர்.

இவ்வரலாற்றை அறிந்தவர்க்கு, போருக்கு முற்பட்ட பெட்டியொன்றில் சிற்றலைச் சுருளின் கம்பி அறுபட்டுக் கிடப்பது சாதாரணப் பழுதாகத் தோன்றாது.

செப்பனிடும் முறை

பழைய பெட்டி கிடைத்தவுடன் அதனை மின்விசையோடு இணைத்துப் பார்ப்பதே பலர் முதலிற் செய்வது. அது பெருங்கேடு விளைக்கும். மின்னோட்டத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்சர்கள் பல்லாண்டுகள் வாளா கிடந்தமையால் உள்ளே உலர்ந்திருக்கும். அவை குறுக்குச்சுற்றானால் மின்னோட்டத்தை நேர்ப்படுத்தும் வால்வும் மின்மாற்றியும் எரிந்துபோம். மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர்கள் வெப்பமண்டலத்து ஈரத்தை உறிஞ்சிக் கசியும். அவற்றுள் முதலிற் கவனிக்கத்தக்கது, இறுதி வால்வுக்கு ஒலியைக் கடத்தும் சிறு கண்டென்சர். அது கசிந்தால் இறுதி வால்வு அளவுக்கு மேல் மின்னோட்டத்தை இழுத்துத் தானும் கெட்டு மின்மாற்றியையும் கெடுக்கும். ரப்பர் உறையிட்ட கம்பிகளில் உறை பொடிப்பொடியாய் உதிரும். கரி மின்தடைகள் தம் மதிப்பில் உயர்ந்துவிடும்.

ஆகவே முதலில் தூசு நீக்கி, உறுப்புகளின் இருப்பிடத்தை வரைந்துகொண்டு, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, கெட்டவற்றை மாற்றிய பின்னரே மின்விசை தரவேண்டும். அப்போதும் ஒரு மின்விளக்கைத் தொடராக இணைத்தல் நன்று. உள்ளே குறுக்குச்சுற்று இருப்பின் விளக்கு முழு ஒளியோடு எரிந்து எச்சரிக்கும், மின்னோட்டமும் மட்டுப்படும். இப்பெட்டிகளுள் 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தமும் உண்டாகலாம். மின்விசையை நிறுத்திய பின்னரும் கண்டென்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்மாற்றி இல்லாத வகைகளில் இரும்புத் தட்டே மின்விசையோடு தொடர்புற்றிருத்தலால், பயிற்சியில்லாதார் அவற்றைத் தொடலாகாது.

கூட்டினைச் செப்பனிடுவதிலும் அடக்கம் வேண்டும். 1907இல் லியோ பேக்லண்ட் கண்டறிந்த பேக்கலைட்டால் ஆன கூட்டை உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பரப்பு நீங்கி உள்ளிருக்கும் தூள் வெளிப்படும். மென்மையான சோப்பு நீரும் துணியுமே போதும். மரக்கூட்டில் பெயர்ந்த மேற்பலகையை ஒட்டலாம். பழைய மெருகு நிற்கும் இடத்தை விட்டுவைக்கலாம்.

மாற்றமும் காப்பும்

பாதுகாப்புக்கு இன்றியமையாத உறுப்புகளை மாற்றியே தீரவேண்டும் என்பதில் ஐயம் இல்லை. மாற்றியதை மறைக்கலாமா என்பதே வினா. பழைய காகிதக் கண்டென்சரின் உட்பொருளை அகற்றி, அக்கூட்டுக்குள் புதிய கண்டென்சரை வைத்து மூடுவது செப்பனிடுவோர் சிலர் கைக்கொள்ளும் வழக்கம். பார்ப்பதற்குப் பெட்டி பழைய உருவிலேயே இருக்கும். ஆனால் பின்னாளில் அதனை ஆராய்பவர் புதியதைப் பழையதென மயங்குதல் கூடும். சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும் புலவர், எழுத்து அழிந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். தாம் ஊகித்த பாடத்தை அடைப்புக்குறிக்குள் தருவார். அந்நெறியே இங்கும் பொருந்தும். மாற்றிய உறுப்பு எது, மாற்றிய நாள் எது என்னும் குறிப்பைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டுதல் வேண்டும். கழற்றிய உறுப்புகளை உறையிலிட்டுப் பெட்டியோடு வைத்தல் வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் நிழற்படம் எடுத்தல் வேண்டும்.

அறுபட்ட சிற்றலைக் கம்பியைக் கண்டால் மேலும் பொறுமை வேண்டும். அது ஆட்சியாளர் ஆணையால் அறுபட்டதாகவும் இருக்கலாம். பின்னாளில் கவனமற்ற பழுதுபார்ப்பாளர் ஒருவரால் அறுபட்டதாகவும் இருக்கலாம். பெட்டி செய்யப்பட்ட ஆண்டு, வெட்டின் தூய்மை, ஈயப்பற்றின் பழமை, முத்திரை அல்லது பதிவெண்ணின் சுவடு, உடையவர் குடும்பத்தார் கூறும் செய்தி ஆகியவற்றை ஒப்புநோக்கியே முடிவு காணவேண்டும். ஐயம் நீங்காதவரை அக்கம்பியை அப்படியே விடுவதுதான் முறை. அதனை இணைத்துவிட்டால் பெட்டி ஓர் அலைவரிசையை மீளப் பெறும். நாடு ஒரு சான்றை இழக்கும்.

1947இல் தோன்றிய டிரான்சிஸ்டர் 1954இல் விற்பனைக்குரிய சிறு வானொலியாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் வால்வுப் பெட்டிகள் பரணுக்கும் பழம்பொருட் கடைக்கும் சென்றன. வானொலியை மறைத்து வைத்துக் கேட்ட தலைமுறையினரும் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். எஞ்சிய பெட்டியைக் கையிற் பெறுவோர் திருப்புளியை எடுக்குமுன் ஏட்டையும் எழுதுகோலையும் எடுப்பார்களாயின், அத்தலைமுறையின் வரலாற்றில் ஒரு பக்கமேனும் அழியாது நிற்கும்.