தேயிலைப் பணத்தில் பறந்த விமானங்கள்

இலங்கை விமானப்படையின் வரலாற்றை எழுதுவோர் விமானங்களின் பெயர்களையும் தளபதிகளின் பெயர்களையும் வரிசைப்படுத்துவர். அவற்றை வாங்கிய அந்நியச் செலாவணி எங்கிருந்து வந்தது என்பதை எழுதுவோர் குறைவு. ஐம்பதுகளில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையே ஈட்டித் தந்தது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்தவர்களின் உழைப்பு அது.

படை 1951 மார்ச்சில் பிறந்தது. கையிலிருந்தவை சிப்மங்க் போன்ற பயிற்சி விமானங்கள். ஆட்களும் இல்லை, 1962 வரை தளபதிகளையே பிரித்தானியாவிடம் இரவல் பெற்றோம். அவ்வாண்டு பொறுப்பேற்ற ரொஹான் அமரசேகரவே முதல் இலங்கைத் தளபதி. அவரும் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் பறந்தவர்.

புதிய வீரர்களுக்கான பயிற்சி மலையகத்தின் தியத்தலாவையில் நடந்தது. சுற்றிலும் தேயிலை மலைகள். ஆனால் அம்மலைகளின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். நாடற்றவனுக்கு அரச உத்தியோகத்தின் கதவு திறக்காது. ஆள் பற்றாக்குறையால் தவித்த ஒரு படை தன் வாசலில் நின்ற இளைஞர்களைக் காணவில்லை. இதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

1959இல் முதல் ஜெட் விமானங்களாக ஜெட் புரொவோஸ்ட்கள் வந்தன, மொத்தம் பன்னிரண்டு. 1962 ஜனவரியின் சதிப்புரட்சி முயற்சிக்குப் பின் ஆயுதப்படைகள் மீது அரசு ஐயம் கொண்டது, செலவு சுருங்கியது. அந்த ஜெட்களும் சீனக்குடாவில் மூடி வைக்கப்பட்டன. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது அவற்றை அவசரமாக வெளியே இழுத்துப் பறக்கவிட்டனர். இந்தியாவும் பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்கள் அனுப்பின. சோவியத் ஒன்றியம் மிக்-17 விமானங்களைத் தந்தது. இரவல் குதிரைக்கும் கொள்ளு வேண்டுமல்லவா? உதிரிப்பாகத்துக்கு வழியின்றி அந்த மிக்குகள் எழுபதுகளின் பிற்பகுதியில் முடங்கிப்போயின.

திறைசேரி கைவிரித்த நிலையில் படையே சம்பாதிக்கப் புறப்பட்டது. தளபதி பெடி மெண்டிஸின் காலத்தில், 1972இல், ஹெலிடூர்ஸ் தொடங்கப்பட்டது. போருக்கு வாங்கிய ஜெட்ரேஞ்சர் ஹெலிகொப்டர்களில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி டொலர் ஈட்டினர். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், விமானிகளின் பறப்பு மணிகளும் குறையவில்லை.

அதே ஆண்டுகளில், 1973லும் 74லும், தோட்டங்களில் பங்கீட்டு மா குறைந்து பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குள் விமானப்படையிடம் கிபிர்களும் மிக்-27களும் வந்து சேர்ந்திருந்தன.