சீட்டுக்கட்டில் எத்தனை பெண்கள்?

சாதாரணச் சீட்டுக்கட்டில் படம் போட்ட சீட்டுகள் மூன்று வகை: ராஜா, ராணி, ஜாக்கி. மூவரில் ஒருத்திதான் பெண். அவளும் ராஜாவுக்கு ஒரு படி கீழே. அது ஆட்டத்தின் விதி என்று நாம் கேள்வி கேட்காமல் ஆடிப் பழகிவிட்டோம். ஆனால் விதிகளை மனிதர்கள்தான் எழுதுகிறார்கள். எந்த இருக்கை யாருக்கு என்பதையும் அவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள். டாரட் சீட்டுகளின் வரலாறு இந்த முடிவுகளைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் ஆவணம். அதில் நமக்கு முக்கியமான சில கட்டுகள் போதிய கவனம் பெறாமலே கிடக்கின்றன.

டாரட் என்றதும் எதிர்காலம் சொல்வதுதான் நினைவுக்கு வரும். அது பிறந்ததோ விளையாடுவதற்காக. 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், வட இத்தாலியின் பிரபுக்கள் அரண்மனைகளில் அது புழங்கியது. கோப்பை, வாள், நாணயம், கோல் என்று நான்கு இனங்களில் 56 சீட்டுகள், அவற்றை வெட்டுவதற்கு 22 துருப்புச் சீட்டுகள், மொத்தம் 78. இது பழைய எகிப்தின் ஞானநூல் என்று 1781இல் பிரான்ஸில் கூர் தெ ஜெபலின் என்பவர் எழுதினார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் டாரட்டை வைத்துக் குறி சொல்லும் வழக்கம் அதன் பிறகுதான் பரவலாக வேரூன்றியது. சீட்டுகள் எதிர்காலத்தைச் சொல்லுமா என்பது இந்தக் கட்டுரையின் கவலை அல்ல. அவை கடந்த காலத்தைச் சொல்கின்றன என்பதில் சந்தேகமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் கட்டு. மிலான் நகரை ஆண்ட ஃபிலிப்போ மரியா விஸ்கோன்டியின் காலத்தில், 1440களை ஒட்டி, தங்கத் தகடும் வெள்ளித் தகடும் பதித்துக் கையால் தீட்டப்பட்டது. இப்போது எஞ்சியிருப்பவை 67 சீட்டுகள். கேரி-யேல் கட்டு என்று இதை அழைக்கிறார்கள். இதன் தனித்தன்மை அரசவைச் சீட்டுகளில் இருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஆறு பேர்: அரசன், அரசி, குதிரைவீரன், குதிரைவீராங்கனை, பணியாளன், பணிப்பெண். ஆறில் மூன்று பெண்கள். அரசனுக்குப் பக்கத்தில் அரசி இருப்பதில் வியப்பில்லை. நீண்ட அங்கியோடு குதிரைமேல் வரும் பெண்கள்தான் நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறார்கள்.

இதை வைத்து அன்றைய மிலானில் பெண்கள் சமமாக வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கட்டு விஸ்கோன்டியின் மகள் பியாங்கா மரியாவின் திருமணத்தை ஒட்டி உருவானது என்று கருதுவோர் உண்டு. அந்தத் திருமணமே ஓர் அரசியல் பேரம்தான். ஆனாலும் சரிபாதிப் பெண்கள் கொண்ட ஒரு அரசவையைக் கற்பனை செய்ய அந்தக் காலத்துக்கு முடிந்திருக்கிறது. அடுத்த தலைமுறைக்குள் ஆட்டம் ஒழுங்குபடுத்தப்பட்டு, இனத்துக்கு நான்கு அரசவைச் சீட்டுகள் என்று நிலைபெற்றது: அரசன், அரசி, குதிரைவீரன், பணியாளன். ஆறு நான்கானபோது வெளியே போன இருவரும் பெண்கள். ஆட்குறைப்பு என்றால் முதலில் யார் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

துருப்புச் சீட்டுகளிலும் இதே கதை நடந்தது. பழைய கட்டுகளில் பெண் போப் என்று ஒரு சீட்டு உண்டு. மூன்றடுக்கு முடி சூடி, கன்னியாஸ்திரி உடையில் ஒருத்தி அமர்ந்திருப்பாள். நியூயார்க் பொது நூலகத்தில் நூலகராக இருந்த கெர்ட்ரூட் மோக்லி, 1966இல் வெளியிட்ட ஆய்வில் இவளை ஓர் உண்மைப் பெண்ணோடு பொருத்திப் பார்த்தார். விஸ்கோன்டிகளின் உறவினரான மைஃபிரேடா என்ற கன்னியாஸ்திரியை ஒரு சிறு பிரிவினர் தங்கள் போப்பாகவே ஏற்றிருந்தார்கள். 1300இல் திருச்சபையின் விசாரணைக்குப் பின் அவர் எரிக்கப்பட்டார். மோக்லியின் கருத்து ஓர் ஊகம்தான். எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஆனால் அந்த இருக்கையில் பெண் அமர்ந்திருப்பது பலருக்கு உறுத்தியது என்பது ஊகம் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் பெல்ஜியக் கட்டுகளில் பெண் போப் நீக்கப்பட்டு, அவள் இடத்தில் ஒரு ஸ்பானியத் தளபதி வந்து நின்றான்.

இனி வரைந்த கைகளுக்கு வருவோம். இன்று உலகில் மிக அதிகமாகப் புழங்கும் கட்டுக்கு 'ரைடர்-வெயிட்' என்று பெயர். ரைடர் பதிப்பாளர், வெயிட் வரையச் சொன்னவர். 1909இல் அத்தனை படங்களையும் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் அந்தப் பெயரில் இல்லை. லண்டனில் பிறந்து ஜமைக்காவில் சில காலம் வளர்ந்தவர் அவர். நாடக அரங்குகளில் வேலை செய்தார், சொந்தமாகச் சிற்றிதழ் நடத்தினார், பெண்களின் வாக்குரிமை இயக்கத்துக்குப் படம் வரைந்தார். அதுவரை பெரும்பாலான கட்டுகளில் எண் சீட்டுகள் என்றால் ஐந்து கோப்பை, எட்டு வாள் என்று வெறும் அடையாளங்கள்தான். ஸ்மித் அவை ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக்கினார். கண்கள் கட்டப்பட்டு வாள்களுக்கு நடுவே நிற்கும் பெண், கோப்பை உயர்த்தி ஆடும் மூன்று தோழிகள், தன் தோட்டத்தில் கையில் பருந்தோடு தனியாக நிற்கும் ஒருத்தி. அரசவையில் இடம் இழந்த பெண்கள் எண் சீட்டுகளின் வழியே உள்ளே வந்தார்கள். வேலை பெரிது, கூலி சொற்பம் என்று ஒரு நண்பருக்கு அவர் கடிதம் எழுதினார். 1951இல் கடனோடு இறந்தார். அவர் கல்லறை எங்கே என்பதுகூட அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தன் முதலெழுத்துகளைச் சுருட்டி அவர் இட்ட கையொப்பம் மட்டும் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

ஸ்மித்துக்கு இப்போதாவது கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. ஃப்ரீடா ஹாரிஸுக்கு அதுவும் போதவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மனைவியான இவர், அறுபது வயதை ஒட்டி, அலெய்ஸ்டர் கிரௌலியோடு சேர்ந்து ஒரு கட்டை வரையத் தொடங்கினார். பழைய படங்களைச் சற்றே திருத்தி, சில மாதங்களில் முடித்துவிடுவது கிரௌலியின் திட்டம். முற்றிலும் புதிதாகச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஹாரிஸ்தான். கிரௌலியின் நூலே இதை ஒப்புக்கொள்கிறது. 1938 முதல் 1943 வரை, போருக்கு நடுவே வேலை நடந்தது. வடிவியல் கற்று, அதன் கோடுகளையும் வளைவுகளையும் படங்களுக்குள் கொண்டுவந்தார். சில படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கற்றுத்தந்ததற்காகக் கிரௌலிக்குத் தொடர்ந்து பணமும் தந்துவந்தார்.

இந்தக் கட்டின் அரசவையில் வீரன், அரசி, இளவரசன், இளவரசி என்று நால்வர். பெண்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட கோல்டன் டான் என்ற லண்டன் குழு வகுத்த ஏற்பாடு அது. ஹாரிஸ் அதற்குத் தந்த உருவங்களில் ஒன்று, கையில் கோலோடு நிறைசூலியாக நிமிர்ந்து நிற்கும் இளவரசி. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் பாதிக்குப் பாதி. ஆனால் 1944இல் நூல் வந்தபோது ஹாரிஸின் பெயர் 'படங்களை நிறைவேற்றித் தந்தவர்' என்ற பொருளில்தான் இடம்பெற்றது. கணவர் இறந்த பிறகு இந்தியா வந்தவர், 1962இல் ஸ்ரீநகரில் காலமானார். சீட்டுகள் கட்டாக அச்சானது 1969இல். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருந்தது கிரௌலியின் பெயர்.

அடுத்த தலைமுறைப் பெண்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கேரன் வோகலும் விக்கி நோபிளும் சேர்ந்து வரைந்த மதர்பீஸ் கட்டு 1981இல் வந்தது. சீட்டுகள் வட்டமானவை. அரசனும் அரசியும் போய், பூசாரிப் பெண்ணும் மகளும் அரசவையில் அமர்ந்தார்கள். பின்னாளில் இந்தப் படங்கள் டியோர் நிறுவனத்தின் விலையுயர்ந்த ஆடைகளில்கூட ஏறின. 1984இல் ரூத் வெஸ்ட் கறுப்பு வெள்ளைத் தாள்வெட்டுப் படங்களால் உருவாக்கிய தியாஸ் டாரட்டுக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. பெண்ணை நேசிக்கும் பெண்களின் உலகிலிருந்து பிறந்த கட்டு அது. 2015இல் ஒரு சிறு பதிப்பகம் அதைப் பற்றி நூல் வெளியிட்டதால், புதிய தலைமுறையின் கைக்கு வந்து சேர்ந்தது. பெண்களின் வேலை காணாமல் போகாமலிருக்க இன்னொருவர் நூலகத்திலோ அச்சகத்திலோ உட்கார்ந்து பாடுபட வேண்டியிருக்கிறது. மோக்லி செய்ததும் அதைத்தான்.

யேல் நூலகம் தன் கட்டின் படங்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஒருமுறை திறந்து அந்தக் குதிரைவீராங்கனைகளைப் பாருங்கள். அடுத்த முறை யாராவது ரைடர்-வெயிட் என்றால், ஸ்மித் வரைந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.